சத்திரசிகிச்சை மேலங்கி பற்றீரியாவைத் தடுப்பது எவ்வாறு: தெரிவு செய்வதிலிருந்து கழற்றுவது வரை

சத்திரசிகிச்சைக்கூடத்தில் எல்லோரும் ‘கவுண்’ என்று சொல்லும் மேலங்கி, நோயாளரின் திறந்த காயத்துக்கும் அதைச் சுற்றி நிற்பவர்களின் உடலுக்கும் இடையே போடப்படும் ஒரு தடுப்பு. அது உலர்ந்தும் கிழியாமலும் இருந்து, அணிந்தவர் தம் கைகளை உரிய எல்லைக்குள் வைத்திருக்கும்வரை மட்டுமே அந்தத் தடுப்பு வேலை செய்கிறது. இவற்றில் ஒன்று தவறினாலும் அது பச்சையோ நீலமோ ஆன ஒரு சாதாரணத் துணிதான். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலோ, தெல்லிப்பழை, பருத்தித்துறை போன்ற இடங்களிலுள்ள ஆதார வைத்தியசாலைகளிலோ, தனியார் வைத்தியசாலைகளிலோ சத்திரசிகிச்சைக்கூடப் பணிக்குப் புதிதாக வருகின்ற தாதியரையும் மருத்துவ மாணவரையும், அவர்களுக்குப் பின்னால் நின்று உழைக்கின்ற சலவை, கிருமியழிப்புப் பிரிவு ஊழியரையும் மனத்திற்கொண்டு இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

மானிப்பாயில் 1848ஆம் ஆண்டு வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் தம் மருத்துவப் பணியைத் தொடங்கியபோது, உலகின் எந்த மூலையிலும் கிருமியழித்த மேலங்கி என்று ஒன்று இருக்கவில்லை. ஐரோப்பாவின் பெரிய வைத்தியசாலைகளிலேயே, முந்திய நோயாளிகளின் இரத்தமும் சீழும் காய்ந்து விறைத்த கோட்டை அணிந்துகொண்டுதான் அக்காலத்து நிபுணர்கள் கத்தியைக் கையில் எடுத்தார்கள். ஜோசப் லிஸ்ரர் காபோலிக் அமிலத்தைக் கொண்டு காயத்திலுள்ள கிருமியைக் கொல்லும் முறையை 1867இல் வெளியிட்டார். கிருமி காயத்துக்கு வந்த பிறகு அதைக் கொல்வதைவிட, வராமலே தடுப்பது மேல் என்ற எண்ணம் அதற்குப் பிந்தியது. 1880களில் ஜேர்மனியில் குஸ்தாவ் நொய்பரும் ஏர்ன்ஸ்ற் வொன் பேர்க்மனும் சுத்தமான மேலங்கி, நீராவியால் கிருமியழித்த துணி ஆகியவற்றின் வழியே அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்றது 1873இல். ஆகவே அவருடைய மாணவர்கள் தமிழிற் கற்ற சத்திரவைத்தியத்தில் இந்த மேலங்கிக்கு இடமே இருந்திருக்க முடியாது.

பற்றீரியா எந்த வழியால் காயத்துக்கு வருகிறது

சத்திரசிகிச்சைக் காயத்தில் அடிக்கடி தொற்றை உண்டாக்கும் ஸ்ரபைலோகொக்கஸ் ஓறியஸ் என்ற பற்றீரியா ஏறக்குறைய 1 மைக்கிரோமீற்றர் விட்டமுடையது. அது தானாகப் பறப்பதுமில்லை, ஊர்வதுமில்லை. நம் தோலின் மேற்படையிலிருந்து ஓயாமல் உதிரும் நுண்செதில்களில் ஏறித்தான் அது காற்றில் பயணம் செய்கிறது. சாதாரணமாக நடமாடும் ஒருவரின் உடலிலிருந்து ஒரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கான செதில்கள் உதிர்கின்றன. அவற்றில் ஒரு பகுதி உயிருள்ள பற்றீரியாவைச் சுமந்து செல்கின்றது. நலமாக இருப்பவர்களிலேயே ஏறத்தாழ 30 சதவீதமானோரின் மூக்கினுள் இந்தப் பற்றீரியா குடியிருக்கிறது என்பதால், ‘எனக்கு ஒரு வருத்தமும் இல்லை’ என்று சொல்லும் ஊழியரும் அதைச் சுமந்து திரிபவராக இருக்கலாம்.

இவ்வாறு உதிரும் பற்றீரியா மூன்று வழிகளால் காயத்தை அடைகிறது. அணிந்தவரின் கை, முன்கை, மார்பு ஆகியவை காயத்திலோ கருவியிலோ நேரடியாகப் படுவது முதலாவது. செதில்கள் காற்றில் மிதந்து காயத்தின் மேலோ, திறந்து வைத்த கருவித் தட்டின் மேலோ படிவது இரண்டாவது. துணி நனைந்து, அந்த ஈரத்தின் வழியே பற்றீரியா உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு வருவது மூன்றாவது. முதலாவது வழியை எந்தச் சுத்தமான துணியும் ஓரளவு அடைத்துவிடும். இரண்டாவதை நெருக்கமான நெசவோ நெய்யாத் துணியோ அடைக்கும். மூன்றாவதுதான் மேலங்கியின் உண்மையான சோதனை.

மேலங்கி இருவழித் தடுப்பு என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நோயாளரின் இரத்தத்தில் ஹெப்பற்றைற்றிஸ் பி, சி அல்லது எச்.ஐ.வி. வைரசு இருந்தால், அது அணிந்தவரின் தோலைச் சென்றடையாமற் காப்பதும் இதே துணிதான். வைரசைத் தடுக்கும் அளவுக்கு நெருக்கமான துணி பற்றீரியாவையும் தடுத்துவிடும். ஆனால் பற்றீரியாவைத் தடுக்கும் எல்லாத் துணியும் வைரசைத் தடுத்துவிடுவதில்லை.

ஈரம் ஏன் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது

நூற்றுக்கு நூறு பருத்தி நூலால் நெய்த பழைய மேலங்கியின் இழைகளுக்கிடையேயுள்ள இடைவெளி 80, 100 மைக்கிரோமீற்றர் வரை இருக்கும். பற்றீரியாவைச் சுமக்கும் செதில்களிற் பல 20 மைக்கிரோமீற்றருக்கும் குறைவானவை. ஆகவே உலர்ந்த நிலையிலேயே அது பாதித் தடுப்புத்தான். நனைந்துவிட்டால் அந்தப் பாதியும் போய்விடும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல நூலிழைகள் நீரை இழுத்து ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கடத்துகின்றன. அந்த நீர்த்தொடரில் பற்றீரியா தடையின்றி இரு திசையிலும் போய்வருகிறது. அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் வில்லியம் பெக் 1952இல் இதை எடுத்துக்காட்டி, சத்திரசிகிச்சைக்கூடங்கள் மேலங்கித் துணியின் மேல் வைத்திருந்த நம்பிக்கை பொய்யானது என்று வெளிப்படையாகவே எழுதினார். நீரை விலக்கும் துணிகள் சத்திரசிகிச்சைக்கூடத்துக்குள் வரத்தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

ஈரம் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. இரத்தம், வயிற்றறையைக் கழுவும் உப்புநீர், சிறுநீர், பனிக்குடநீர் ஆகியவை வெளியிலிருந்து நனைக்க, அணிந்தவரின் வியர்வை உள்ளிருந்து நனைக்கிறது. சித்திரை, வைகாசி மாதங்களில் யாழ்ப்பாணத்தின் வெக்கையும் கடற்கரைப் பிரதேசத்துக்குரிய ஈரலிப்பும் சேர்ந்திருக்கும்போது, குளிரூட்டி சற்று நேரம் நின்றுபோனாலும் கக்கமும் முதுகும் கைமடிப்பும் நனைந்துவிடுகின்றன. வெளியே படும் இரத்தக்கறை கண்ணுக்குத் தெரிகிறது. உள்ளே ஊறும் வியர்வை தெரிவதில்லை. இரண்டில் எது ஆபத்தானது என்று கேட்டால், தெரியாததைத்தான் நான் சொல்லுவேன்.

படி 1: சிகிச்சைக்கேற்ற மேலங்கியைத் தெரிவு செய்தல்

இன்று புழக்கத்திலுள்ள மேலங்கிகளை இரண்டு குடும்பங்களாகப் பிரிக்கலாம். ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் வகை பெரும்பாலும் பொலிபுறோப்பிலீன் என்ற பிளாஸ்ரிக் இழையாலானது. இரண்டு வலுவான படைகளுக்கு நடுவே, மிக நுண்ணிய இழைகளை ஊதிப் படியவைத்த மூன்றாவது படையொன்று இருக்கும். தடுப்பு வேலையைச் செய்வது அந்த நடுப்படைதான். வெளிப்படைகள் இரண்டும் அது கிழியாமற் பார்த்துக்கொள்கின்றன. கழுவித் திரும்பவும் பயன்படுத்தும் வகை, மிக நெருக்கமாக நெய்த பொலியெஸ்தராலானது; அதிகம் நனையும் இடங்களில் நீர் புகாத மெல்லிய படலமொன்று ஒட்டப்பட்டிருக்கும். பழைய பருத்தி மேலங்கி மூன்றாவது ஒன்றாக இன்னும் சில இடங்களில் இருக்கக்கூடும். இரத்தமோ நீரோ அதிகம் படாத மிகச் சிறிய சிகிச்சைக்கன்றி அதைப் பயன்படுத்தக்கூடாது என்பதே என் கருத்து. பஞ்சு உதிர்வது அதற்குள்ள இன்னொரு குறை, ஏனெனில் உதிரும் பஞ்சும் பற்றீரியாவுக்கு வாகனமாகிறது, காயத்தினுள் விழுந்தால் அந்நியப் பொருளாகவும் தங்குகிறது.

பெட்டியின் மேல் ‘லெவல்’ என்ற சொல்லும் ஓர் இலக்கமும் அச்சிட்டிருந்தால் அது அமெரிக்கத் தரப்படுத்தலைக் குறிக்கும். முதலாம் மட்டம் சிறு தெறிப்பை மட்டும் தாங்கும். இரண்டாம் மட்டத் துணி 20 சென்ரிமீற்றர் உயர நீரின் அழுத்தத்தையும், மூன்றாம் மட்டத் துணி 50 சென்ரிமீற்றர் உயர நீரின் அழுத்தத்தையும் கசிவின்றித் தாங்கவேண்டும். நான்காம் மட்டத்துக்குச் சோதனை வேறு: மனிதருக்குத் தீங்கற்ற, பற்றீரியாவை மட்டும் தாக்கும் பை-எக்ஸ் 174 என்ற வைரசைக் கலந்த திரவத்தை அழுத்தத்துடன் துணியின் மேல் வைத்து, அதில் ஒன்றேனும் மறுபக்கம் வருகின்றதா என்று பார்ப்பார்கள். அந்த வைரசின் விட்டம் ஏறக்குறைய 27 நனோமீற்றர். அதாவது மேலே சொன்ன ஸ்ரபைலோகொக்கசைவிட முப்பத்தைந்து மடங்குக்கும் மேலாகச் சிறியது. ஐரோப்பியத் தரமான ஈ.என். 13795 மேலங்கிகளைச் சாதாரணத் தரம், உயர்தரம் என இரண்டாக வகுத்து, உலர்ந்த நிலையிலும் நனைந்த நிலையிலும் பற்றீரியா ஊடுருவுகின்றதா என்பதையும், துணியிலிருந்து எவ்வளவு துகள் உதிர்கின்றது என்பதையும் தனித்தனியே அளக்கிறது.

எல்லாவற்றுக்கும் நான்காம் மட்டத்தை எடுத்துவிட்டால் பாதுகாப்புத்தானே என்று நினைப்பது எளிது. ஆனால் நீரை உள்ளே விடாத படலம் வியர்வையையும் வெளியே விடுவதில்லை. தோலிலிருந்து ஒரு கட்டியை அகற்றும் அரைமணிநேரச் சிகிச்சைக்கு மிகத் தடித்த மேலங்கியை அணிந்தவர், புழுக்கத்தில் வியர்த்து, நெற்றியைத் துடைக்கச் சொல்லி, கவனம் சிதறி நிற்பதால் யாருக்கும் நன்மையில்லை. சிகிச்சை எவ்வளவு நேரம் எடுக்கும், எவ்வளவு இரத்தமும் நீரும் படும், கை எவ்வளவு ஆழத்துக்கு உடலுக்குள் போகும் என்ற மூன்று கேள்விகளைக் கேட்டால் விடை தானாகவே வரும்: வயிற்றறையைத் திறக்கும் பெரிய சிகிச்சை, இருதயச் சிகிச்சை, சிசேரியன், பெரிய எலும்புமுறிவுச் சிகிச்சை ஆகியவற்றுக்கு மூன்றாம் அல்லது நான்காம் மட்டம், நடுத்தரமானவற்றுக்கு இரண்டாம் அல்லது மூன்றாம் மட்டம்.

மட்டம் எதுவாயினும், அது பொருந்துவது மேலங்கியின் முழுமைக்குமல்ல. மார்பிலிருந்து முழங்கால்வரையான முன்பக்கமும், மணிக்கட்டிலிருந்து முழங்கைக்குச் சற்று மேல்வரையான கைப்பகுதியுமே அந்தத் தரத்துக்கு உட்பட்டவை. முதுகுப்பக்கம் காற்றோட்டத்துக்காக மெல்லியதாகவே தைக்கப்பட்டிருக்கலாம். 2020இல் கோவிட் காலத்தில் எல்லோருக்கும் பழக்கமான, முதுகு மூடிய தனிமைப்படுத்தல் அங்கி வேறு நோக்கத்துக்கானது. தோற்றத்தைப் பார்த்து அதைச் சத்திரசிகிச்சைக்கு அணியக்கூடாது.

கழுவும் வகை நல்லதா, எறியும் வகை நல்லதா என்ற கேள்விக்கு, உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட பரிந்துரைகள் தெளிவான விடையைத் தருகின்றன: இரண்டும் கிருமியழித்தவையாக இருந்தால் எதையும் பயன்படுத்தலாம், ஒன்று மற்றதைவிடத் தொற்றைக் குறைக்கிறது என்பதற்குப் போதிய சான்றில்லை. 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருத்துவ நுகர்பொருள்களுக்குத் தட்டுப்பாடு வந்ததைக் கண்ட நாட்டுக்கு இது முக்கியமான செய்தி. தரமான பொலியெஸ்தர் மேலங்கியும் ஒழுங்கான சலவையும் கையிலிருந்தால், கப்பல் வரவில்லை என்பதற்காக நோயாளரைத் திருப்பி அனுப்பவேண்டியதில்லை.

படி 2: சலவை, பரிசோதனை, மடிப்பு

கழுவும் மேலங்கியின் ஆயுள் சத்திரசிகிச்சைக்கூடத்தைவிடச் சலவைப் பகுதியில்தான் தீர்மானமாகிறது. நம் ஊரில் அதற்குத் தனியான ஒரு காரணமும் உண்டு. குடாநாட்டின் நிலத்தடிநீர் சுண்ணாம்புக்கல்லினூடாக ஊறிவருவது. ஆகையால் பெரும்பாலான கிணறுகளின் நீர் வன்னீர். அதிலுள்ள கல்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தோடு சேர்ந்து படிவாகித் துணியின் இழைகளில் ஒட்டிக்கொள்கின்றன. நீரை உதறவேண்டிய துணி அந்தப் படிவினால் மெல்ல மெல்ல நீரை ஏற்கத் தொடங்குகிறது. சரியாக அலசாமல் எஞ்சும் சலவைத்தூளும் இதையே செய்கின்றது, ஏனெனில் துணிக்கும் நீருக்கும் உறவை உண்டாக்குவதுதான் சலவைத்தூளின் தொழிலே. ஆகவே சலவை இயந்திரத்துக்கு மென்னீராக்கிய நீரைக் கொடுப்பதும், இறுதி அலசலை ஒன்றுக்கு இரண்டாகச் செய்வதும், துணியை மிருதுவாக்கும் திரவத்தை முற்றாகத் தவிர்ப்பதும் இங்கே அவசியமாகின்றன.

இரத்தம் பட்ட மேலங்கியை முதலில் குளிர்ந்த நீரில் அலசவேண்டும். சுடுநீரில் இட்டால் இரத்தத்தின் புரதம் உறைந்து நூலோடு பிடித்துக்கொள்ளும். அதன் பின்னரே சுடுநீர்ச் சலவை. 71 பாகை செல்சியசுக்குக் குறையாத நீரில் 25 நிமிடம் என்பது வைத்தியசாலைச் சலவைக்குப் பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. மாரிகாலத்தில் மழை விடாது பெய்யும்போது, ஈரம் முற்றாக விலகாத துணியை மடித்து அனுப்பும் ஆசை வரும். அதற்கு இடங்கொடுக்கக்கூடாது, அரைகுறையாகக் காய்ந்த துணி அடுத்த படியில், நீராவியால் கிருமியழிக்கும் இயந்திரமான ஓட்டோகிளேவையும் ஏமாற்றிவிடும். முற்றத்துக் கொடியிற் காயவிடுவதும் தூசியையும் பூந்தூளையும் சேர்த்துக்கொண்டு வரும் என்பதால், உலர்த்தும் இயந்திரமே இதற்குப் பொருத்தம்.

காய்ந்த மேலங்கியை ஒளிமேசையின் மேல் விரித்து ஒவ்வோர் இடமாகப் பார்க்கவேண்டும். ஊசித்துளையளவு ஓட்டையும் ஓட்டையே. அதைத் தைத்து அடைப்பது பெருந்தவறு, ஏனெனில் தையலூசி புதிதாகப் பத்துத் துளைகளைப் போட்டுவிடுகிறது. சூட்டால் ஒட்டும் ஒட்டுத்துணியை மட்டுமே பயன்படுத்தலாம். முன்பக்கத்திலும் கையிலும் சில துளி நீரைவிட்டுப் பார்ப்பது ஆய்வுகூடச் சோதனைக்கு ஈடாகாது. ஆயினும் துளி உருண்டு நிற்காமல் உடனே ஊறிவிட்டால் அந்த மேலங்கி ஓய்வுபெறும் காலம் வந்துவிட்டது என்பதை அது சொல்லிவிடும். எத்தனை தடவை கழுவலாம் என்பதைத் தயாரிப்பாளர் குறிப்பிட்டிருப்பார். ஒவ்வொரு சலவைக்கும் அடையாளமிடும் கட்டங்கள் துணியிலேயே அச்சிடப்பட்டிருந்தால் அவற்றைத் தவறாது நிரப்பவேண்டும்.

மடிக்கும்போது மேலங்கியின் உட்பக்கம் வெளியே தெரியுமாறும், கழுத்துப்பகுதி மேலே வருமாறும் மடிக்கவேண்டும். இந்த ஒழுங்கு ஏன் என்பது ஐந்தாம் படியில் விளங்கும்.

படி 3: நீராவியால் கிருமியழித்தல்

பற்றீரியாவின் வித்திகளையும், அதாவது சூட்டைத் தாங்கும் அதன் உறங்குநிலை வடிவங்களையும், கொல்லும் நீராவிக்குத் தேவையான அளவுகள் நன்கு அறியப்பட்டவை: சாதாரண ஓட்டோகிளேவில் பொதியாகச் சுற்றிய துணிக்கு 121 பாகை செல்சியசில் 30 நிமிடம்; முதலில் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் இயந்திரத்தில் 132 முதல் 134 பாகையில் 4 நிமிடம். இந்த நேரம் தொடங்குவது இயந்திரத்தின் உள்வெப்பம் உரிய அளவை எட்டிய பிறகே. காற்று எஞ்சியிருக்கும் இடத்துக்கு நீராவி போகாது. நீராவி போகாத இடத்தில் கிருமி சாகாது. மேலங்கிகளை இறுக்கி அடுக்கிய பொதியின் நடுவில் காற்று தங்கிவிடும் என்பதால், பொதிகளைத் தளர்வாகச் சுற்றி, ஒன்றுக்கொன்று இடைவெளிவிட்டு, மடிப்புகள் நிமிர்ந்து நிற்குமாறு பக்கவாட்டில் அடுக்கவேண்டும்.

பொதியின் மேல் ஒட்டும் நாடாவிற் கறுப்புக்கோடு தோன்றினால் உள்ளேயிருப்பது கிருமியற்றது என்று பலர் நம்புகிறார்கள். அந்தக் கோடு சொல்வது பொதி சூட்டுக்குள் போய்வந்தது என்பதை மாத்திரமே. நீராவி நடுவரை ஊடுருவியதா என்பதைப் பொதியின் உள்ளே வைக்கும் இரசாயனக் காட்டி சொல்லும்; காற்றுறிஞ்சும் இயந்திரம் சரியாக வேலை செய்கின்றதா என்பதை நாளின் முதற்சுற்றுக்கு முன் செய்யும் போவி-டிக் சோதனை சொல்லும்; உயிர்கள் உண்மையிலேயே சாகின்றனவா என்பதை, வெப்பத்தை மிகவும் தாங்கும் ஜியோபசிலஸ் ஸ்ரியரோதேமோபிலஸ் வித்திகளைக் கொண்ட உயிரியற் காட்டி சொல்லும். இந்த மூன்றும் ஒன்றையொன்று ஈடுசெய்வதில்லை.

இயந்திரத்திலிருந்து வரும் பொதி ஈரமாக இருந்தால், நாடா என்ன நிறமாயினும் அது கிருமியற்றதாகக் கொள்ளப்படக்கூடாது. சுடச்சுட எடுத்துக் குளிர்ந்த மேசையில் வைத்தாலும் உள்ளே நீர் ஒடுங்கி அதே விளைவு உண்டாகும். தட்டிலேயே ஆறவிட வேண்டும். சேமிக்கும் அலுமாரி நிலத்திலிருந்து உயர்ந்ததாகவும், கூரை ஒழுக்கு எட்டாததாகவும் இருக்கவேண்டும். பொதி நனைந்தாலோ, கிழிந்தாலோ, நிலத்தில் விழுந்தாலோ அதன் திகதி முடியாவிட்டாலும் அது கழிக்கப்பட்டதே. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் மேலங்கி தொழிற்சாலையில் எதிலீன் ஒட்சைட்டினாலோ கதிர்வீச்சினாலோ கிருமியழிக்கப்பட்டு வருகிறது. அதைக் கழுவி ஓட்டோகிளேவில் இட்டு இரண்டாம் முறை அணிவது சிக்கனமுமல்ல, பாதுகாப்புமல்ல: சலவையும் சூடும் அந்த நுண்ணிழை நடுப்படையைச் சிதைத்துவிட்டால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எந்த வேறுபாடும் தெரியாது.

படி 4: கைகளைக் கழுவி உலர்த்துதல்

கிருமிகொல்லிச் சவர்க்காரத்தால் 2 முதல் 5 நிமிடம்வரை, விரல்நுனி எப்போதும் முழங்கையைவிட உயர்ந்திருக்குமாறு கழுவவேண்டும். அல்லது சத்திரசிகிச்சைக்குரிய மதுசாரத் திரவத்தைப் பூசி முற்றாக உலரவிடவேண்டும். கழுவினால் கிருமியழித்த துவாயால் விரலிலிருந்து முழங்கையை நோக்கி ஒற்றி உலர்த்தவேண்டும். ஈரக்கையோடு மேலங்கிக்குள் நுழைபவர் அதன் கைமடிப்பை உள்ளிருந்தே நனைத்துவிடுகிறார்.

படி 5: அணிதல்

தொப்பி, முகக்கவசம், கண்காப்பு ஆகியவற்றைக் கை கழுவுவதற்கு முன்பே அணிந்து முடித்திருக்கவேண்டும். கிருமியழித்த மேலங்கி அணியாமல் கூடத்தில் உதவிக்கு நிற்கும் சுற்றுத்தாதி, மேலங்கிப் பொதியை வெளியுறையைப் பிடித்துத் திறந்து கொடுப்பார். கருவித்தட்டு இருக்கும் மேசையில் அல்லாமல் தனியான சிறு மேசையில் திறப்பதே நல்லது, ஏனெனில் அணிபவரின் கையிலிருந்து சொட்டும் ஒரு துளி நீரும் கருவித்தட்டைக் கெடுத்துவிடும்.

அணிபவர் மடித்த மேலங்கியை அப்படியே மேலே தூக்கி, மேசையிலிருந்து ஓரடி பின்வாங்கி, கழுத்துப்பகுதியின் உட்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, ஏனையதைத் தானாக விரிந்து கீழே விழவிடவேண்டும். உட்பக்கம் வெளியே வருமாறு மடித்ததன் பயன் இங்கே தெரிகிறது: வெறுங்கை படுவது உட்பக்கத்தில் மட்டுமே, முன்பக்கத்தின் வெளிமுகத்தில் யாருடைய தோலும் படுவதில்லை. உதறக்கூடாது. பிறகு இரு கைகளையும் தோள்மட்டத்தில் நீட்டிச் சட்டைக்கைகளுக்குள் நுழைக்கவேண்டும். விரல்கள் மணிக்கட்டுப் பட்டையைத் தாண்டி வெளியே வரக்கூடாது. பின்னால் நிற்கும் சுற்றுத்தாதி உட்பக்கத்தை மட்டும் தொட்டுத் தோளுக்கு இழுத்து, கழுத்து நாடாவையும் உள்நாடாவையும் கட்டுவார்.

கையைச் சட்டைக்கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, துணியினூடாகவே கையுறையைப் பிடித்து அணிவது மூடிய முறை. மணிக்கட்டுப் பட்டை நீரை உறிஞ்சும் பின்னல்துணியாலானது. அதற்கு நீரை விலக்கும் திறன் கிடையாது. ஆகவே கையுறையின் விளிம்பு அந்தப் பட்டையை முழுதாக மூடிச் சட்டைக்கையின் மேல் ஏறிநிற்கவேண்டும். சட்டைக்கை நீளம் போதாத மேலங்கியை அணிந்தவர் கையை நீட்டும்போது இந்தப் பட்டை கையுறையிலிருந்து விலகி வெளியே வந்துவிடும். மேலங்கித் தொற்றுத்தடுப்பில் மிகவும் பலவீனமான இடம் எதுவென்று கேட்டால் இதைத்தான் காட்டவேண்டும். உயரமானவருக்குப் பெரிய அளவைத் தேடிக் கொடுப்பது சொகுசுக்காக அல்ல.

கையுறை அணிந்த பின், இடுப்பு நாடாவின் நுனியிலுள்ள அட்டையைச் சுற்றுத்தாதியிடம் கொடுத்து, அணிபவர் ஒரு சுற்றுச் சுற்றி, நாடாவை மட்டும் அட்டையிலிருந்து இழுத்தெடுத்து முன்னால் கட்டிக்கொள்ளவேண்டும். இப்போது முதுகும் மூடப்பட்டுவிட்டது, மூடப்பட்டதேயன்றிக் கிருமியற்றதாகிவிடவில்லை.

படி 6: சிகிச்சையின்போது எல்லைக்குள் நிற்றல்

அணிந்த கணத்திலிருந்து கிருமியற்றதாகக் கருதப்படுவது, மார்பிலிருந்து மேசைமட்டம் வரையான முன்பக்கமும், முழங்கைக்கு 5 சென்ரிமீற்றர் மேலிருந்து கையுறைவரையான சட்டைக்கையும் மட்டுமே. கழுத்து, தோள், கக்கம், முதுகு, மேசைக்குக் கீழான பகுதி ஆகியவை கணக்கில் இல்லை. ஆகவே கையைக் கட்டிக்கொண்டு கக்கத்துக்குள் செருகுவதும், களைத்துப்போய் இடுப்புக்குக் கீழே தொங்கவிடுவதும் தவறு. காத்திருக்கும் நேரத்தில் இரு கைகளையும் மார்புக்குக் கீழே கோத்து வைத்திருப்பதே முறை. இருவர் இடம் மாறும்போது முகத்துக்கு முகமாகவோ முதுகுக்கு முதுகாகவோ கடக்கவேண்டும். கருவிமேசைக்கு முதுகைக் காட்டக்கூடாது. உட்கார்ந்து செய்யும் சிகிச்சையில் மடிமட்டமே மேசைமட்டமாகிவிடுகிறது என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

வேண்டாத அசைவும் ஒரு கேடுதான். கையை வீசி நடக்கும்போது மேலங்கிக்குள்ளிருக்கும் காற்று துருத்தியில் இருந்து வெளியேறுவதைப்போன்று கழுத்து வழியாகவும் கீழ்விளிம்பு வழியாகவும் தள்ளப்படுகிறது. அதோடு செதில்களும் வெளியேறுகின்றன. உள்ளே அணியும் சட்டையைக் காற்சட்டைக்குள் செருகிவிடச் சொல்வது இதனால்தான். இங்கிலாந்தில் இடுப்பெலும்பு மாற்றுச் சிகிச்சையை உருவாக்கிய ஜோன் சான்லி 1960களில் இந்தக் காற்றையே குழாய்வழியே உறிஞ்சி வெளியேற்றும் முழு உடலங்கியை வடிவமைத்தார். 1982இல் வெளிவந்த, 8000க்கும் மேற்பட்ட இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றுச் சிகிச்சைகளை உள்ளடக்கிய ஆய்வு, மிகச் சுத்தமாக்கிய காற்று ஆழமான தொற்றை ஏறக்குறையப் பாதியாகவும், அதனோடு அத்தகைய உடலங்கியும் சேர்ந்தபோது ஏறக்குறையக் காற்பங்காகவும் குறைத்ததாகக் காட்டியது. பிற்காலத்து ஆய்வுகள் அதை அப்படியே உறுதிசெய்யவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டுப் பரிந்துரையும் அத்தகைய காற்றோட்ட அமைப்புக்கு ஆதரவாக இல்லை. ஆனால் மனித உடலிலிருந்து உதிர்வதைக் கட்டுப்படுத்தவேண்டும் என்ற அடிப்படையை எவரும் மறுக்கவில்லை. கதவு திறக்கும் தடவைகளையும், வேடிக்கை பார்க்க வருவோரின் தொகையையும் குறைப்பதற்குச் செலவே இல்லை.

மேலங்கியின் எல்லை எதுவரை என்பதையும் அறிந்திருக்கவேண்டும். சத்திரசிகிச்சைக் காயத்தொற்றுக்களிற் பெரும்பங்கு நோயாளரின் சொந்தத் தோலிலும் குடலிலும் இருக்கும் பற்றீரியாவால் வருவது. அதற்கு அணிந்தவரின் மேலங்கி மருந்தல்ல. நோயாளர் முன்கூட்டியே சவர்க்காரமிட்டுக் குளித்திருப்பதும், வீட்டில் சவர அலகால் மயிரை மழிக்காமலிருப்பதும், தேவையான நுண்ணுயிர்கொல்லி வெட்டுக்கு முந்திய 120 நிமிடத்துக்குள் கொடுக்கப்படுவதும், மதுசாரம் கலந்த குளோர்ஹெக்சிடீனால் தோல் துடைக்கப்படுவதும், நீரிழிவு கட்டுப்பாட்டில் இருப்பதும் சேர்ந்தாலே மேலங்கியின் பங்கு முழுப்பயன் தரும். குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் சத்திரசிகிச்சைக்குள்ளாவோரில் 11 சதவீதமானோருக்குத் தொற்று ஏற்படுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2016இற் குறிப்பிட்டது.

படி 7: எப்போது மாற்றவேண்டும்

ஒவ்வொரு நோயாளருக்கும் புதிய மேலங்கி என்பதில் விவாதமில்லை. ஒரே சிகிச்சையின் நடுவிலும், இரத்தமோ நீரோ துணியை ஊடறுத்து உள்ளாடையை நனைத்தது உணரப்பட்டால், கருவியின் முனை துணியைத் துளைத்தால், சட்டைக்கையோ முன்பக்கமோ கிருமியுள்ள பரப்பில் பட்டுவிட்டால், உடனே மாற்றவேண்டும். சட்டைக்கை மட்டும் பழுதானால், கிருமியழித்த தனிச் சட்டைக்கையை மேலே அணிந்து நிலைமையைச் சமாளிக்கலாம். ஆனால் அது முழு மாற்றத்துக்கு ஈடாகாது. குடலைத் திறந்து பொருத்தும் சிகிச்சையில், குடல்வேலை முடிந்து வயிற்றை மூடத்தொடங்குமுன் கையுறையையும், அழுக்கடைந்த மேலங்கியையும் மாற்றுவது நல்ல வழக்கம்.

இங்கே இடையூறாக இருப்பது பெரும்பாலும் பொருட்பற்றாக்குறையைவிடக் கூச்சம்தான். பெரிய டொக்டரின் முழங்கை விளக்கின் கைப்பிடியில் பட்டதைக் கண்ட இளைய தாதி வாய்திறக்கத் தயங்குகிறார். ‘சேர், உங்கட கை பட்டிட்டுது’ என்று சொல்வதை யாரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாத சத்திரசிகிச்சைக்கூடத்தில்தான் மேலங்கி தன் வேலையைச் செய்யும். பட்டதா இல்லையா என்ற ஐயம் வந்தால், பட்டதாகவே கொள்ளவேண்டும்.

படி 8: கழற்றுதல்

சிகிச்சை முடிந்ததும் மேலங்கியை முதலிலும் கையுறையைப் பின்னரும் கழற்றவேண்டும். வரிசை மாறினால் வெறுங்கை இரத்தம் பட்ட முன்பக்கத்தைத் தொடநேரும். சுற்றுத்தாதி பின்நாடாக்களை அவிழ்த்தபின், அணிந்தவர் தோட்பகுதியைப் பிடித்து முன்னோக்கி இழுத்து, வெளிமுகம் உள்ளே போகுமாறு புரட்டி, உடலிலிருந்து விலக்கிச் சுருட்டவேண்டும். பிறகு கையுறையைக் கையுறையாலும், உட்பக்கத்தைத் தோலாலும் தொட்டுக் கழற்றவேண்டும். முகக்கவசம் கடைசி. கைகளைக் கழுவவேண்டும், கையுறையில் கண்ணுக்குத் தெரியாத துளை இருந்திருக்கலாம்.

சத்திரசிகிச்சை மேலங்கியோடு விடுதிக்கோ தேநீர் அறைக்கோ போகக்கூடாது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் மேலங்கி தொற்றுக்கழிவுக்கான மஞ்சட் பைக்குள் போகவேண்டும். கழுவும் மேலங்கியை, ஊசியோ அலகோ கொக்கியோ மடிப்பில் சிக்கியிருக்கின்றதா என்று பார்த்தபின், நீர் கசியாத பையிலிட்டு அன்றே சலவைக்கு அனுப்பவேண்டும். இரத்தம் இரவு முழுவதும் காய்ந்தால் மறுநாள் அதை அகற்றுபவருக்கு வேலை இரட்டிப்பாகும், துணியின் ஆயுளும் குறையும்.